ஆளுக்குப் பாதி ஆட்டம்

பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம், மேடம். ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளையை வெளியே கூப்பிடுவதுதான் கஷ்டம். ஒரு தடவையாவது செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். தமிழிலேயே பேசலாம் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. மலாயில் சொல்லப்போனால் வாய் தடுமாறி எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். தே ஓவும் குடிக்க நன்றாக இருக்கிறது. சர்க்கரை அளவாகப் போட்டிருக்கிறார்கள்.

என் பெயர் பரமேஸ்வரன். கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் குடியிருப்புத் தாமான் விளையாட்டுப் பாடாங்கில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கோச். நானாகத் தேடிப்போன பதவி இல்லை. பழைய கோச் ரவாங்குக்கு வீடு மாறிப் போனபோது விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். கோச் மகன் என்பதால் என் பையன் கிஷனை அணியில் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. அவன் எனக்கு முன்னாலேயே அந்த அணியில் இருந்தான்.

வந்த முதல் வாரமே இரண்டு விதிகள் போட்டேன். முதல் விதி, ஆளுக்குப் பாதி ஆட்டம். கெட்டிக்காரன், மொண்ணை என்ற பேச்சே கிடையாது. ஜெர்சி போட்டு வந்தவன் பாதி நேரம் ஆடியே தீர வேண்டும். செந்தூலில் நான் படித்த காலத்தில் பள்ளி அணியில் எனக்கும் ஜெர்சி கொடுத்தார்கள். மூன்று வருஷம் அதைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

இரண்டாவது விதி, தண்ணீர் பொது. நம் பிள்ளைகள் அண்ணாந்து குடிக்கிறவர்கள்தானே. உதடு படாமல் குடித்தால் யார் போத்தலாக இருந்தால் என்ன? 'என் தண்ணி, உன் தண்ணி' என்று பேச்சு வந்தால் பாடாங்கைச் சுற்றி ஓட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். போத்தலில் பெயர் ஒட்டுவது திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போவதற்காக மட்டும். இந்த விதியைப் பெற்றோர்கள் ரொம்பப் பாராட்டினார்கள்.

முதல் விதியைப் பாராட்டவில்லை.

கிஷன் நன்றாக ஆடுவான். அப்பனாக இதைச் சொல்லவில்லை. அவன் உள்ளே இருந்தால் நாங்கள் கோல் போடுவோம். அவன் வெளியே வந்தால் வாங்குவோம். அவனைப் பாதியில் எடுத்தால் கோட்டோரம் நிற்கிற சபாபதி தலையில் அடித்துக்கொள்வார். அவர் பையனும் எங்கள் அணிதான். "ஜெயிக்கிற ஆள வெளிய ஒக்கார வச்சிட்டு இவரு ரூல் பேசுறாரு பாருங்க," என்பார், எனக்குக் கேட்கிற மாதிரி. சரி, இன்றைக்குத் தோற்கிறோமே என்று கொஞ்ச நேரம் அதிகமாக அவனை விட்டால், அதே சபாபதி, அதே இடத்தில் நின்றுகொண்டு, "கோச் மகன்லா, அப்படித்தான்," என்பார். நான் மட்டும் என்ன செய்வது, மேடம்? எடுத்தாலும் நான் குற்றவாளி, விட்டாலும் நான் குற்றவாளி.

முதல் தடவை நடந்தது தற்செயல். நம்பினால் நம்புங்கள். கிஷனுக்குச் சளி. ஆட்டத்துக்குப் போகிற வழியில் காரிலேயே அலர்ஜி மருந்து கொடுத்தேன். தூக்கம் வரவழைக்கிற ரகம். பாதி ஆட்டத்துக்கு முன்பே அவன் தானாகக் கையைத் தூக்கினான். "அப்பா, முடியல," என்றான். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எடுக்கவில்லை, அவனே வந்தான். அன்றைக்கு நாங்கள் தோற்றோம். ஆனால் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபாபதி என் தோளைத் தட்டி, "பாவம், பையனுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார். எல்லாருமாக மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நான் கோச் ஆன பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததில்லை.

அடுத்த வாரம் அவனுக்குச் சளி இல்லை.

காலையில் அவன் குடிக்கிற மைலோவில் அதே மருந்தைக் கலந்து கொடுத்தேன். எல்லா வாரமும் இல்லை. பெரிய ஆட்டம், பெற்றோர்கள் கூட்டமாக வருகிற நாள், அப்படிப்பட்ட வாரங்களில் மட்டும். அளவு எனக்குத் தெரியும், அது என் தொழில். கெடுதல் எதுவும் வராத அளவுதான். கால் கொஞ்சம் கனக்கும், பந்து வந்த பிறகு மூளை விழிக்கும், அவ்வளவே. மற்ற பையன்களுக்கு நேரம் கிடைத்தது. அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிஷன் மட்டும் கொஞ்சம் பயந்துபோனான். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, எனக்கு என்ன ஆச்சு? காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"வளர்ற வயசு. அப்படித்தான் இருக்கும்."

"இப்படியே போயிருமா?"

"போகாது."

அழுதான். சத்தம் வராமல் அழுதான். பச்சை விளக்கு விழுந்ததால் நான் காரை எடுத்தேன்.

வாணி, என் மனைவி, கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினாள். சபாபதி ஒரு தடவை கிஷன் போட்ட கோலைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தார். எத்தனை பேர் பார்த்தார்களோ, யார் கண்ணோ, என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அவனைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மிளகாய் வாங்கி வந்ததெல்லாம் நான்தான். காம்பு போகாத நல்ல மிளகாயாகப் பார்த்து வாங்குவேன். நெருப்பில் போட்டபோது நெடியே வரவில்லை. "பாத்தீங்களா, எவ்ளோ பலமா பட்டிருக்கு," என்றாள். ஆமாம் என்றேன். காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். அதற்கும் மசியவில்லை என்றதும் என் கிளினிக் டாக்டரிடமே கூட்டிவந்தாள். ரத்தம் எடுத்தார்கள். சத்துக் குறைவு இருக்குமா, அது இருக்குமா, இது இருக்குமா என்றுதான் பார்த்தார்களே தவிர, இதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் விட்டமின் எழுதினார். சீட்டு என் கவுண்டருக்குத்தான் வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

விமலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெஞ்சாரோமிலிருந்து வருகிற பையன். அவன் அம்மா புனிதா மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார், மழையானாலும் சரி. அப்பா இல்லை. விமலனுக்கு ஆட்டம் வராது. பந்து இருந்த இடத்துக்கு, பந்து போன பிறகு போய்ச் சேருகிற பையன். போய்ச் சேர்ந்ததும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிப்பான். அவர் கையசைப்பார். இதற்கு முன்னால் இரண்டு அணிகளில் சேர்த்துப் பார்த்தாராம். "ஜெர்சியக் குடுத்து ஒக்கார வச்சிருவாங்க கோச். வீட்டுக்கு வந்து கேட்டா, நல்லா ஆடுனேம்மான்னு பொய் சொல்வான். இங்கதான் அவன் பொய் சொல்றதில்ல," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். என் விதிக்கு யாராவது சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் அது அந்த அம்மாதான். கிஷனுக்கும் விமலன் என்றால் உயிர். இரண்டு பேரும் ஒரே பெஞ்ச், ஒரே சாப்பாட்டுப் பொட்டலம்.

நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எப்படி வந்தோம் என்று எனக்கே ஆச்சரியம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பாடாங்கில் ஆட்டம். ஒரு கால்பந்துப் பள்ளியிலிருந்து பையன்களைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி. பெற்றோர்கள் மாமாக் கடையில் கூடி, ஃபைனலுக்கு மட்டும் பாதி ஆட்ட விதி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பேசியவர் சபாபதி. "ஒரு தடவ தூக்கி ஓரமா வைங்க கோச். கப்பு முக்கியம்." எல்லாரும் தலையாட்டினார்கள். புனிதா மட்டும் தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். தலையாட்டியிருக்கக் கூடாது, அது என் பலவீனம்.

ஆட்டத்துக்கு முதல் நாள் அணியை அறிவித்தேன். சபாபதி கேட்ட மாதிரியே, கெட்டிக்காரர்கள் முழு ஆட்டம். அவர் பையன் வெளியே. கவுண்டரில் நின்றுகொண்டிருந்தபோது குழுவில் அவர் செய்தி வந்தது: "நாளைக்குப் பாருங்க, கோச் மகன் ஃபுல் கேம். ரூல்லாம் நமக்குத்தான் லா." கீழே நாலைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள்.

அந்தக் கடைசி 'லா' என்னை ரொம்ப நேரம் தொந்தரவு செய்தது, மேடம். மருந்து வாங்க வந்தவர்களை இரண்டு தடவை பெயர் கேட்டேன். இத்தனை மாதம் நான் பட்ட பாட்டுக்கு இதுதான் மரியாதையா? பதில் எழுதலாம் என்று பார்த்தேன். என்ன எழுதினாலும் மகனுக்காகப் பேசுகிற அப்பன் ஆகிவிடுவேன். வீட்டில் கிஷன் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்பா, நாளைக்கு மட்டும் காலு நல்லா இருந்தாப் போதும்," என்றான். இருக்கும் என்றேன்.

மைலோ கொடுக்க முடியவில்லை. காலையில் வாணி அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், அர்ச்சனை முடித்து, அங்கிருந்து நேராகப் பாடாங்குக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு யாரு கையாலயும் எதுவும் சாப்பிட வேணாம். சாமி பிரசாதம் மட்டும் போதும்." சந்தேகத்தில் சொல்லவில்லை. பக்தியில் சொன்னாள். அதனால் நான் அவன் போத்தலில் கலந்தேன். எலுமிச்சை பிழிந்து, புளிப்பு அசாம் போய்ப் பழம் இரண்டு போட்டு. கசப்புத் தெரியக் கூடாதே. ஒரு வாய் குடித்தாலும் வேலை செய்ய வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கலந்தேன். கிஷன் என்ற பெயர் தெரிகிற மாதிரி ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். முதல் பாதியில் கிஷன் ஒரு கோல் போட்டான். நெற்றியில் திருநீறு வேர்வையில் வழிய வழிய ஓடினான். அப்படி அவன் ஓடி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். சபாபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவத்தை மட்டும் தூக்கினார்.

இடைவேளையில் கிஷன் போத்தலை எடுத்து அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினான். முகம் சுளித்தான். "என்னப்பா, இன்னிக்கு இவ்ளோ புளிப்பு?" என்றான். விமலன் தன் தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றி விளையாடித் தீர்த்துவிட்டு, காலிப் போத்தலோடு நின்றான். கிஷன் தன் போத்தலை அவனிடம் நீட்டினான். நான் சொல்லிக்கொடுத்தபடிதான்.

விமலன் அண்ணாந்து குடித்தான். நான் அவனிடமிருந்து, இந்த மேசைக்கும் அந்தக் கதவுக்கும் இருக்கிற தூரத்தில் நின்றேன். தொண்டை ஏறி ஏறி இறங்கியது தெரிந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

ஏன் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். என்ன சொல்லிக் கத்துவது? அதைக் குடிக்காதே என்றால் ஏன் என்று கேட்பார்கள். பெற்றோர்கள் எல்லாரும் ஆரஞ்சுத் துண்டு கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். தவிர, விமலன் அன்றைக்கு ஆடப்போவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்தது நியாயம்தான்.

இரண்டாம் பாதியில், அந்த ஒரு வாய் வேலை செய்யத் தொடங்குவதற்குள், கிஷன் இன்னொரு கோல் போட்டான். எங்கள் பக்கம் எல்லாரும் குதித்தார்கள். சத்தம் அடங்கியதும் பின்னாலிருந்து, யார் என்று தெரியவில்லை, "கோச் குடும்பத்துக்கு இன்னிக்கு யோகம்," என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

கையைத் தூக்கி கிஷனை வெளியே கூப்பிட்டேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. இன்னொருவனைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்து வந்தான். தேர்வாளர்களில் ஒருவர் கைகளை விரித்தார். சபாபதி வாயை மூடிக்கொண்டார். எனக்கு மனசு லேசானது.

யாரை உள்ளே அனுப்புவது? கால் பிசகிய ஒருவனுக்குப் பதிலாகச் சபாபதி பையன் ஏற்கெனவே உள்ளே போயிருந்தான். அன்றைக்குப் பாடாங்கில் காலே வைக்காமல் மிச்சமிருந்தவன் விமலன் ஒருவன்தான். கோட்டோரம் கூட்டிவந்தேன். அவன் கொட்டாவி விட்டான். கண்ணைக் கசக்கினான்.

"கோச், கண்ணு ஒரு மாதிரி இருக்கு. நான் ஆடியே ஆகணுமா?"

எனக்குத் தெரியும், மேடம். என்ன குடித்தான், எவ்வளவு குடித்தான், அவன் எடைக்கு அது என்ன செய்யும் என்பது அந்தப் பாடாங்கில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் ஜெர்சியை இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.

"உன் முறைடா. ஒங்க அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க, போ."

போனான். அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தான். புனிதா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் எதிரணி பந்தைத் தூக்கி எங்கள் கோல் பக்கம் அடித்தது. விமலன் அதைத் துரத்தித் திரும்பி ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தோடு சேர்ந்து ஓடினான். பந்து வெளியே போய்விட்டது. அவன் நிற்கவில்லை. கையை முன்னால் நீட்டவும் இல்லை. கோல் போஸ்ட்டில் நேராகத் தலையால் மோதினான்.

இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஜெஞ்சாரோமில் உடலை எடுத்தார்கள். அணி முழுவதும் ஜெர்சியோடு போனோம். புனிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும்தான் கோச் என் பிள்ளைய ஆட விட்டீங்க," என்றார். சபாபதி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் கிஷன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, மைலோவுலயும் அதானா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் மருந்து தெரிந்தது, போத்தலைத் தேடி நீங்களும் உங்கள் போலீஸ்காரர்களும் வீட்டுக்கு வந்தீர்கள், அதில் கிஷன் பெயர் இருந்தது. 'சளிக்கு நானே எடுத்துக் கலந்தேன், விமலனுக்கு நான்தான் கொடுத்தேன்' என்று அவன் உங்களிடம் சொன்னான். சொல்லும்போது அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. கவனித்தீர்களா? அந்த வயசில் அப்படிப் பொய் சொல்ல அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. நான் நாலு நாள் யோசித்தேன். அவன் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். சின்னப் பையன், தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடுவீர்கள் என்று பட்டது. ஆனால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, நான் குடுத்தேன், நான் குடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஒருவனுடையதை இன்னொருவன் தலையில் கட்டுவது முறையில்லை. அதனால்தான் வந்தேன்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. விமலன் விஷயத்தில் நிச்சயம் இருக்கிறது. அந்தப் போத்தல் அவனுக்கு உரியதே இல்லை.

காலையில் புறப்படும்போது வாணியிடம் எல்லாவற்றையும் இதே மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "பெத்த பிள்ளைக்கு எப்படிங்க ஒங்களுக்கு மனசு வந்துச்சு?" என்றாள். அவளுக்குப் புரியாது. கிஷனுக்கு ஒரு நாள் புரியும். நான் எந்தப் பிள்ளையிடமும் பாரபட்சம் காட்டியதில்லை, மேடம். வேண்டுமானால் அந்தப் பெற்றோர்கள் எல்லாரையும் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர்கள் பிள்ளைகளின் போத்தலை நான் ஒரு நாளும் தொட்டதில்லை.